பழைய உழவு இயந்திரத்தை மீட்க விரும்பும் கமக்காரருக்கு

கமக்காரர் பலரின் வளவுகளிலே, மாமரத்தின் கீழோ தகரக் கொட்டிலின் ஓரத்திலோ, பழைய உழவு இயந்திரம் ஒன்று துருப்பிடித்து நிற்பதை நாம் காண்கின்றோம். அதனைக் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டால் இடமாவது மிஞ்சும் என்பர் ஒருசாரார். நல்ல சிவப்பு வர்ணம் பூசினாற் புதிது போலாகிவிடும் என்பர் மறுசாரார். இவ்விரு கருத்துகளும் தவறானவை என்பதே எனது எண்ணம். பழைய இயந்திரத்தை வீட்டிலேயே மீட்கலாம். ஆயின் அவ்வேலை கண்ணுக்குப் புலப்படாத இடங்களிலிருந்து தொடங்குதல் வேண்டும். வர்ணம் கடைசியில் வரவேண்டியது.

இவ்வியந்திரங்களின் சிறப்பு

எமது வயல்களில் இன்றும் உழைக்கின்ற பழைய இயந்திரங்களுட் பல, மசி பேர்குசன் 35, 135 ஆகிய இனங்களைச் சேர்ந்தவை. முன்னையது 1950களின் பிற்பகுதியிலும், பின்னையது 1964ஆம் ஆண்டின் இறுதியிலும் இங்கிலாந்திலே வெளிவந்தன. இவற்றுட் பல, மூன்று சிலிண்டர் கொண்ட பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை உடையன. கணினிக் கட்டுப்பாடு எதுவும் இவற்றில் இல்லை. சுத்தமான காற்று, சுத்தமான டீசல், சுத்தமான ஒயில், போதிய குளிர்நீர் என்னும் நான்குமே இவ்வெஞ்சின் வேண்டுவன. இந்நான்கையும் தவறாது கொடுத்தால் அரை நூற்றாண்டு கடந்த இயந்திரமும் உழைக்கும். கொடுக்கத் தவறினாற் புதிய எஞ்சினும் ஒரு போகத்திலே கெட்டுவிடும்.

நான் கற்ற பாடம்

எனது தந்தையாரின் 35 இன இயந்திரம், யுத்த காலத்தில் எமது குடும்பம் இடம்பெயர்ந்தபோது வளவிலே விடப்பட்டது. மீளக்குடியமர்ந்தபின் பார்த்தபோது எஞ்சின் இறுகிக் கிடந்தது. 2014ஆம் ஆண்டு, விவசாயப் பாடசாலையில் டிப்ளோமா பெற்று வந்த உற்சாகத்தில், அதனை மீட்கத் துணிந்தேன். நொசில்களைக் கழற்றி, டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து சிலிண்டர்களுள் ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டோம். வேறோர் இயந்திரத்தாற் கட்டியிழுக்குமாறு அயலவர் கூறினர். இறுகிய பிஸ்ரனை அவ்வாறு இழுத்தால் அதன் தண்டு வளையும் என்று மறுத்து, கையால் மெல்ல மெல்ல அசைத்தே விடுவித்தோம். பின்னர் லைனர், பிஸ்ரன், றிங் யாவும் புதிதாக இட்டு, நல்ல சிவப்பு வர்ணமும் பூசினேன். ஊரார் மெச்சினர்.

ஆயினும், காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயில் இருந்த ஒரு விரல் நீள வெடிப்பினை நான் பொருட்படுத்தவில்லை. பழைய ரியூப் துண்டொன்றைச் சுற்றிக் கட்டிவிட்டேன். புழுதி உழவின்போது அக்கட்டு நெகிழ்ந்தது. வடிகட்டியைக் கடவாத புழுதி நேரே எஞ்சினுட் புகுந்து, புதிய லைனர்களை அரைத்துத் தேய்த்துவிட்டது. அடுத்த ஆண்டு பெரும்போகம் தொடங்கும் வேளையில் எஞ்சின் புகைத்துச் சோர்ந்து நின்றது. வாடகை இயந்திரம் எமது முறைக்கு வரப் பன்னிரண்டு நாள் சென்றது. அதற்குள் மழை இறங்கிவிட, புழுதி விதைப்புக்குரிய பருவம் தவறியது. தந்தையார் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, வர்ணத்துக்குக் கொடுத்த காசிலே பத்துக் குழாய் வாங்கியிருக்கலாம்" என்று மட்டுமே கூறினார். இத்துண்டுப்பிரசுரத்தை எழுதத் தூண்டியது அச்சொல்லே.

முப்பெரும் பகைவர்

முதலாவது பகை புழுதி. இவ்வியந்திரங்களிற் பொதுவாகக் காற்று வடிகட்டியின் அடியில் ஓர் ஒயிற் கிண்ணம் உண்டு. புழுதி உழவு நடைபெறும் நாட்களில் அதனை நாள்தோறும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். அடியிற் சேறு படிந்திருப்பின் கழுவித் துடைத்து, குறியிட்ட மட்டம் வரை மாத்திரம் புதிய ஒயில் விடுக. மட்டத்துக்கு மேல் விட்டால் எஞ்சின் அதனை உறிஞ்சிவிடும். குழாய்களையும் அவற்றின் இணைப்புகளையும் கையாற் தடவிப் பார்க்க.

இரண்டாவது பகை நீர். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது, கிடைத்த கலன்களிலெல்லாம் டீசலைச் சேமித்து வைக்கும் வழக்கம் பரவியது. அழுக்குக் கலனில் இருந்த டீசலில் நீரும் துருவும் கலந்திருக்கும். கலனை ஓரிரவு அசையாது வைத்து, மேல் டீசலை மாத்திரம் வடித்து ஊற்றுதல் நன்று. மலிவு கருதி மண்ணெண்ணெய் கலப்பது பெருந்தவறு. இவ்வினங்களிற் பெரும்பாலும் காணப்படும் சுழல்வகை டீசற் பம்பிக்கு அதனூடு செல்லும் டீசலே உராய்வைத் தணிக்கும் எண்ணெயுமாகும். மண்ணெண்ணெய் அவ்வழவழப்பைக் குறைத்து அதன் நுண்ணிய உறுப்புகளைத் தேய்த்துவிடும். சேற்றுழவின் பின்னர் கியர்ப்பெட்டி ஒயிலையும் பார்த்தல் வேண்டும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்பது பொருள். பாரந்தூக்கியும் இதே ஒயிலினால் இயங்குவதால், அதனை அலட்சியஞ் செய்தல் இரட்டை நட்டமாகும்.

மூன்றாவது பகை, குளிர்நீரிலுள்ள சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவது. கேத்தலின் உட்புறத்தில் அந்நீர் படியவிடும் வெண்படிவை இல்லத்தரசிகள் அறிவர். அதே படிவு றேடியேற்றரின் குழாய்களையும் அடைத்து எஞ்சினைக் கொதிக்கச் செய்யும். மாரியில் மழைநீரை ஏந்திவைத்து அதற்கென உபயோகித்தல் செலவற்ற பரிகாரமாகும்.

வீட்டிற் செய்யத்தகாதவை

எல்லாவற்றையும் தாமே செய்யலாம் என்று நான் கூறவில்லை. டீசற் பம்பியைப் பிரித்தலும் நொசிலைச் சீர்செய்தலும் உரிய கருவியுடைய திருத்தகத்துக்கே உரியவை. நொசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுட் புகவல்லது. அவ்வாறு நேரின், காயம் சிறிதாயினும் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். எஞ்சின் உடலோ கியர்ப்பெட்டியின் கூடோ வெடித்திருப்பின், திருத்தச் செலவை முன்கூட்டியே கணக்கிடுக. சில இயந்திரங்கள் உதிரிப்பாகங்களுக்கே உதவும். அதனை ஒப்புக்கொள்வதும் அறிவுடைமையே.

உயிருக்கே முதலிடம்

கைமுதல் குறைவாயிருப்பின், முதல் ரூபாய் பிரேக்குக்கே செல்லல் வேண்டும். இடம், வலம் என்னும் இரு பிரேக்கு மிதிகளையும் வீதியில் ஓடும்போது கொளுவியால் ஒன்றாக இணைத்தல் இன்றியமையாதது. இணைக்காது ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் திடீரெனத் திரும்பிக் குடைசாயும். பின்புறத்துப் பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுழல்வது. அதன் மூடி தொலைந்திருப்பின் புதிதாக ஒன்றைச் செய்வியாது வேலை தொடங்கற்க. சாரம் உடுத்து அத்தண்டின் அருகே நிற்பவர், துணி பற்றிக்கொண்டால் கையை உதறவும் நேரம் பெறார். இரவிற் பெட்டியுடன் வீதிக்கு வருவோர் பின்விளக்கும் ஒளிதெறிக்கும் தகடும் பொருத்துதல் வேண்டும்.

முடிவுரை

"இவற்றையெல்லாம் பார்க்க எமக்கு நேரம் ஏது?" என்று கேட்போர் உளர். காலையில் இயந்திரத்தை இயக்குமுன் ஒயில், நீர், வடிகட்டி, பிரேக்கு ஆகியவற்றைப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். நான் அக்கால்மணி நேரத்தை மிச்சம் பிடித்துப் பன்னிரண்டு நாளை இழந்தேன். ஒயில் மாற்றிய திகதியையும் ஓடிய மணிகளையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க. வீட்டுப் பிள்ளைகளும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, அருகிருந்து கற்கட்டும். இவையாவும் ஒழுங்காக நடைபெற்றபின், விரும்பினால், சிவப்பு வர்ணமும் பூசுக. அப்பொழுதுதான் அவ்வழகு நிலைக்கும்.