வாசித்தவரே வடிவமைத்தார்!



"கிட்டார் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டால் நம்ம ஹாஸ்டலில் நாலு பேராவது கை தூக்குவார்கள். "காலால் கிட்டார் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டால்? சிரிப்புதான் வரும். ஆனால் இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால் எல்லாம் சேர்ந்து வாசிக்கிற ஒரு கிட்டார் உண்மையிலேயே இருக்கிறது. பெடல் ஸ்டீல் கிட்டார் என்று பெயர். அமெரிக்காவின் 'கன்ட்ரி' பாடல்களைக் கேட்டிருக்கிறீர்களா? பாடகர் ஒரு அடி பாடி நிறுத்தியதும், பின்னால் யாரோ விம்முகிற மாதிரி ஒரு நாதம் இழுத்து இழுத்து வருமே... அதுதான்!

அந்தக் கருவியின் மாமேதை பட்டி எம்மன்ஸ். 1937 ஜனவரியில் இந்தியானா மாநிலத்தின் மிஷவாகா ஊரில் பிறந்தார். 2015 ஜூலையில் மறைந்தார். சக கலைஞர்கள் அவரை 'பிக் இ' என்று அன்போடு அழைத்தார்கள்.

பாலிடெக்னிக் ஆண்டு மலரில் ஒரு கிட்டார்க்காரருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வேலை இருக்கிறது. அவர் அந்தக் கருவியை வாசித்ததோடு நிற்கவில்லை. வாசிக்க வாசிக்க அதில் என்ன குறை என்று பார்த்தார், மாற்றினார், கடைசியில் தானே கம்பெனி வைத்துத் தயாரிக்கவும் செய்தார். கருவியைக் கையாள்கிறவனுக்குத்தான் அதன் குறை முதலில் தெரியும். தெரிந்தவன் சும்மா இருக்கக் கூடாது. இதுதான் என் கட்சி. அதற்கு எம்மன்ஸ்தான் என் சாட்சி.

ஒர்க்‌ஷாப்பில் பிறந்த இசை

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்டீல் கிட்டார் என்றால் எஃகால் செய்த கிட்டார் இல்லை. இடது கையில் ஒரு எஃகு உருளையைப் பிடித்துக்கொண்டு, அதைக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே போய் வாசிப்பதால் அந்தப் பெயர்.

இந்த முறையை உலகுக்குத் தந்தவராகச் சொல்லப்படுபவர் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பள்ளி மாணவராக இருந்தபோதே இதைக் கண்டுபிடித்து, தான் படித்த பள்ளியின் ஒர்க்‌ஷாப்பிலேயே எஃகுத் துண்டைக் கடைந்துகொண்டார் என்பார்கள். பார்த்தீர்களா, கதை ஒர்க்‌ஷாப்பில்தான் ஆரம்பிக்கிறது! அங்கிருந்து அமெரிக்கா முழுக்கப் பரவிய இந்தக் கருவி, ஹவாயன் கிட்டார் என்ற பெயரில் நம்ம நாட்டுக்கும் வந்தது. விஸ்வ மோகன் பட் 1994-இல் கிராமி விருது வாங்கினாரே, அந்த மோகன வீணையையும் இப்படித்தான் மடியில் கிடத்தி, எஃகை வழுக்கி வாசிக்கிறார்.

எம்மன்ஸுக்கு 11 வயதில் அவருடைய அப்பா ஆறு கம்பி ஸ்டீல் கிட்டார் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பக்கத்து ஊரான சௌத் பெண்டில் ஒரு ஹவாய் இசைப் பள்ளியில் பாடம். 16 வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு வாசிக்கக் கிளம்பிவிட்டார். 1955-இல், 18 வயதில், லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் என்ற பிரபல பாடகரின் குழுவில் சேர்ந்து நாஷ்வில் நகருக்கு வந்தார். கன்ட்ரி இசைக்கு அதுதான் தலைநகரம்.

பெடலுக்கு அடியில் நம்ம பாடம்

இனி கொஞ்சம் மெக்கானிக்கல் பேசலாமா?

எஃகு உருளையால் வாசிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. உருளையை நகர்த்தினால் எல்லாக் கம்பியும் ஒன்றாகத்தான் ஏறும், ஒன்றாகத்தான் இறங்கும். ஒரு கம்பி மட்டும் அசைய, மற்றவை அப்படியே நிற்க வேண்டும் என்றால் முடியாது. வீணையில் வித்வான் ஒரு தந்தியை மட்டும் விரலால் இழுத்துக் கமகம் கொடுக்கிறார் இல்லையா, அந்த வசதி இங்கே இல்லை.

அதற்கு வந்த மருந்துதான் பெடல். காலால் மிதித்தால், ராடு வழியாக அந்த இழுப்பு மேலே போகும். ஒரு ஷாஃப்ட் திரும்பும். அதில் இருக்கும் பெல் கிராங்க், இன்னொரு ராடை இழுக்கும். அந்த ராடு கிட்டாரின் ஓரத்தில் கம்பி மாட்டியிருக்கும் சின்ன உலோக 'விரலை'த் திருப்பும். கம்பி இறுகும், சுருதி ஏறும். காலை எடுத்தால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். நாம் தியரி ஆஃப் மெஷின்ஸில் படம் போட்டு மார்க் வாங்குகிற லிங்கேஜ்தான். வேறு ஒன்றுமில்லை!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பியின் அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். ஜி ஷார்ப் சுரம் 415 ஹெர்ட்ஸ். அதை அடுத்த சுரமான 'ஏ'க்கு, அதாவது 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேண்டும். இழுவிசை சுமார் 12 சதவீதம் கூட வேண்டும். 'பி'யிலிருந்து சி ஷார்ப்புக்கு, அதாவது 247-லிருந்து 277 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேண்டுமானால் சுமார் 26 சதவீதம். இது ஒரு மிதியில் நடக்க வேண்டும். காலை எடுத்ததும் பழைய சுருதி சுத்தமாகத் திரும்பி வர வேண்டும். ஒரு பிவட்டில் ஆட்டம் இருந்தால் போச்சு. சபையில் உட்கார்ந்திருக்கிறவர் காதே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இதைவிடக் கறாரான இன்ஸ்பெக்‌ஷன் எங்கேயாவது உண்டா?

ஒன்றை இரண்டாக்கியவர்

பெடல் எம்மன்ஸ் கண்டுபிடித்தது அல்ல. அது முன்பே இருந்தது. 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில், பட் ஐசக்ஸ் என்பவர் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். நாதம் உருகி இன்னொரு நாதமாக மாறுவதை ரேடியோவில் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். ஸ்டீல் கிட்டார்க்காரர்கள் எல்லோரும் பெடலுக்கு ஓடினார்கள்.

எம்மன்ஸும் கேட்டார். ஆனால் எல்லோரையும் போல ஐசக்ஸ் செய்ததை அப்படியே காப்பி அடிப்பதோடு விடவில்லை. ஐசக்ஸின் ஒரே பெடல் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஏற்றியது. 'இதை ஏன் சேர்த்தே ஏற்ற வேண்டும்?' என்பதுதான் கேள்வி. அந்த வேலையை எம்மன்ஸ் இரண்டு பெடலுக்குப் பிரித்தார். ஒன்று 'பி'யைச் சி ஷார்ப்புக்கு ஏற்றும். மற்றொன்று ஜி ஷார்ப்பை 'ஏ'க்கு ஏற்றும். இதை மட்டும் மிதிக்கலாம், அதை மட்டும் மிதிக்கலாம், பாதத்தைச் சாய்த்து இரண்டையும் சேர்த்து மிதிக்கலாம். ஒரு வழி இருந்த இடத்தில் மூன்று வழி!

அத்தோடு நின்றாரா? 1962-இல் ரே பிரைஸ் என்ற பாடகரின் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில், இடையில் விட்டுப்போன சுரங்களுக்காக இரண்டு புதிய கம்பிகளைச் சேர்த்தார். இன்றைக்கு 'இ நைன்த்' என்ற சுருதி அமைப்பில் பத்துக் கம்பி வைத்துச் செய்யும் பெடல் ஸ்டீல் கிட்டாரில், முதல் இரண்டு கம்பிகள் அவர் தந்தவை. பெடல் வரிசைக்கும் 'எம்மன்ஸ் செட்டப்' என்றே பெயர். அதே பெடல்களை வரிசை மாற்றி வைத்தால், ஜிம்மி டே என்ற இன்னொரு மேதையின் பெயரில் 'டே செட்டப்'. புதுசாக ஆர்டர் கொடுக்கிறவரிடம் இன்றும் "எம்மன்ஸா, டேயா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு கலைஞனுக்கு இதைவிட என்ன சிலை வேண்டும்?

ஷாட் ஜாக்சன் என்ற கலைஞரோடு சேர்ந்து 1950-களின் பிற்பகுதியில் கிட்டார் தயாரிப்பில் இறங்கினார். 'ஷாட்', 'பட்டி' என்ற இரண்டு பெயரையும் ஒட்டி 'ஷோ-பட்' என்று கம்பெனிக்குப் பெயர். பிறகு 1963-இல் ரான் லாஷ்லியோடு சேர்ந்து எம்மன்ஸ் கிட்டார் கம்பெனி. அங்கே வந்த கருவிக்கு 'புஷ்-புல்' என்று பெயர். சுருதியை ஏற்ற ராடு இழுக்கும், இறக்க ராடு தள்ளும். அந்தப் பழைய கருவிகளின் நாதத்துக்காக, இன்றும் அவற்றைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெடலே வேண்டாம் என்ற குரு

எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும் அல்லவா? எம்மன்ஸ் சிறுவயதில் ஆராதித்த கலைஞர் ஜெர்ரி பேர்ட். அவர் கடைசிவரை பெடல் பக்கம் போகவில்லை. வெறும் எஃகு உருளையை வைத்தே கேட்பவர் நெஞ்சை உருக்கினார். பிற்காலத்தில் ஹவாய்க்கே போய்க் குடியேறி, அங்குள்ள இளைஞர்களுக்கு அந்தப் பழைய கலையைச் சொல்லிக் கொடுத்தார்.

"பார்த்தாயா, மெஷின் இல்லாமலே இசை வருகிறதே?" என்று நண்பர்கள் கேட்கலாம். வரும். யார் இல்லை என்றது? நல்ல கை இருந்தால் மூன்று கம்பியிலும் இசை வரும். கை இல்லாதவனுக்குப் பத்துப் பெடல் வைத்தாலும் வராது. எம்மன்ஸுக்கு அந்தக் கை முதலில் இருந்தது. 1963-இல் ரே பிரைஸின் 'நைட் லைஃப்' இசைத்தட்டில் அவர் வாசித்திருப்பதைக் கேளுங்கள். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய 'ஸ்டீல் கிட்டார் ஜாஸ்' தட்டைக் கேளுங்கள். கன்ட்ரிக் கருவி என்று ஒதுக்கி வைத்திருந்ததை ஜாஸ் வித்வான்களுக்கு நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தார். கை தேறிய பிறகுதான் கருவியின் குறை தெரியும். கையே தேறாதவன் கருவியைக் குறை சொன்னால், அது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை!

இரவு ஸ்டடி ஹவரில் இயர்போனில் எம்மன்ஸைக் கேட்பது எனக்கு ஒரு பழக்கம். ஜூடி காலின்ஸ் 1968-இல் பாடிய 'சம்டே சூன்' பாட்டில் அவருடைய நாதம் வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். பாட்டைக் கேட்ட லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வாசித்தவர் பெயர் தெரியும்? வாழ்நாளில் பெரும்பகுதி அவர் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். 1990-களில் எவர்லி பிரதர்ஸோடு ஊர் ஊராகப் போனபோதும் முன்னால் நின்றவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். 1981-இல் ஸ்டீல் கிட்டார் புகழ்க் கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

நமக்கு என்ன?

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். "டிப்ளமா முடித்தவன் மெஷினை ஓட்டினால் போதும், டிசைன் எல்லாம் மேலே இருக்கிறவர்கள் வேலை" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நாமே நம்பிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். நம்பியதால்தான் ஃபைனல் இயர் வந்ததும், நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, பெயின்ட் அடித்து, வைவாவில் வைக்கிற பழக்கம் வந்தது. அது ஓடுகிறதா? ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று கேட்டால் நாலு பேரும் நாலு பக்கம் பார்க்கிறோம்.

எம்மன்ஸுக்கு டிசைன் பட்டம் கிடையாது. அவர் தேவையை யாரும் சர்வே எடுக்கவில்லை. தினமும் கருவி முன்னால் உட்கார்ந்ததால் எந்தப் பெடல் எதற்குத் தடையாக இருக்கிறது என்று காலுக்கே தெரிந்திருந்தது. அந்த அறிவு நமக்கும் உண்டு, தோழர்களே! லேத்தில் எந்தக் கைப்பிடி எட்டவில்லை, எந்த வைஸ் பிடி நழுவுகிறது, எந்த ஜிக்கில் பீஸை மாட்ட இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது... இதெல்லாம் நம்மைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஆகவே ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டு புராஜெக்டுக்குக் கடைக்குப் போகாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போய் இன்ஸ்ட்ரக்டர் அண்ணனிடம், "அண்ணே, இங்கே உங்களுக்கு எது தொல்லையா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஒரே ஒரு தொல்லையைத் தீர்த்துக் காட்டுங்கள். சின்னதாக இருக்கட்டும். ஒரு பெடலை இரண்டாகப் பிரித்ததும் சின்ன வேலைதான்!

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை