பிரித்துப் பார்க்கும் உரிமை வேண்டும்!

வீட்டுக் கிரைண்டர் நின்றுபோனால், "தூக்கிப் போடு, புதிது வாங்கு" என்கிறது விளம்பரம். ஏன் வாங்க வேண்டும்? கேட்கிறோம்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லையா? பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். மோட்டார் ஓடியும் கல் சுற்றவில்லையா? பெல்ட் தளர்ந்திருக்கும். மாவு நைசாக வரவில்லையா? கல்லைக் கொத்த வேண்டும். காயில் கருகினாலோ, கட்டித்தரக் கடை உண்டு. இதற்கா ஆயிரக்கணக்கில் அழுவது?

இது கோவை, தோழர்களே! 1937-ல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர். 1955-ல் பி. சபாபதி ஆட்டுக்கல்லுக்கு மோட்டாரைப் பூட்டித் தாய்மாரின் தோள்வலி தீர்த்த ஊர். ஜி. டி. நாயுடு தொழில் கற்றது எந்தக் கல்லூரியில்? மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டியல்லவா கற்றார்!

இன்றோ பல பொருள்களைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி விற்கிறார்கள். வெளியாள் தொட்டால் வாரண்டி இல்லையாம். உதிரி பாகம் கேட்டால் கை விரிக்கிறார்கள். காசு கொடுத்தவனுக்குப் பொருள் சொந்தமா, இல்லையா?

இந்திய அரசு 2022-ல் இதற்கெனக் குழு அமைத்தது; இணையதளமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024-ல் சட்டமே இயற்றியது. குழு போதாது, இங்கும் சட்டம் வேண்டும். உதிரி பாகம் நியாய விலையில், எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும்.

வாங்கிய குடும்பத்தின் காசும், சந்துக் கடைத் தொழிலாளியின் சோறும் ஒரே திருப்புளியின் முனையில் இருக்கின்றன. அந்தத் திருப்புளியைப் பறிக்க விடோம்!