வலிக்காத பல்லும் விழும்



காத்தோங்கில் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில் வாசலில் போன வெள்ளிக்கிழமை ஒரு பாட்டியம்மாவைப் பார்த்தேன். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மகளைப் பார்க்க வந்திருக்கிறார். பிரசாத வடையைப் பிட்டு, தண்ணீரில் நனைத்து, ஈறாலேயே மென்றுகொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு நாளும் பல்லு வலிச்சதில்ல தங்கச்சி. பூச்சிப் பல்லும் கெடையாது. ஆடி ஆடித் தானா விழுந்துருச்சு" என்றார்.

வலிக்காமல் பல் விழுமா என்று கேட்பீர்கள். விழும். அதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்ததே நம் தோட்டத்து மக்கள்தான்.

ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டுப் பல் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1970-இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தார்கள். (பெண்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கூடை சுமப்பது பெண்கள், எண்ணிக்கையில் வருவது ஆண்கள்!) பிரஷ் பிடித்தறியாதவர்கள், பல் வைத்தியமே எட்டாதவர்கள் என்பதால்தான் இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 161 பேர்.

சொத்தைப் பல் அநேகமாக யாருக்குமே இல்லை. ஆனால் எல்லாருடைய ஈறும் வீங்கியிருந்தது. பல்லைச் சுற்றி ஊத்தையும் காரையும் படிந்திருந்தன. நூற்றில் 11 பேருக்கு அதனால் பெரிய கேடு வரவில்லை. 81 பேருக்கு நோய் மெல்ல வளர்ந்து, 45 வயதுக்குள் ஏழு பல்லைக் கொண்டுபோனது. மீதி 8 பேர்தான் பாவம். 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45-இல் ஒன்றுமே மிச்சமில்லை. பாட்டியம்மா இந்த எட்டில் ஒருவரோ என்னவோ!

1986-இல் வெளியான இந்தக் கணக்கை இன்றும் பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். லயத்தில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் வந்து சேர்ந்ததா என்பதுதான் என் மனக்குறை.

பாடம் சின்னதுதான். ஊத்தையை அன்றன்றே எடுக்காவிட்டால் அது கல்லாக இறுகிவிடும். ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் வரும். "ஐயோ ரத்தம்" என்று நாம் துலக்குவதை நிறுத்திவிடுகிறோம். அங்கேதான் தவறு. அப்போதுதான் மெதுவான பிரஷால் ஈற்றோரத்தை இன்னும் நிதானமாகத் துலக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே எலும்பு சத்தமில்லாமல் கரைந்துபோகும். வலி இல்லாததால், ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்குப் போக யாருக்குத் தோன்றும்? இறுகிய காரையை பிரஷ் எடுக்காது. அதை வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இல்லாத சொத்தையும் இப்போது இனிப்போடு வந்துவிட்டது. டின் பாலைப் போத்தலில் ஊற்றி, வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள். 1939-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண்மணி இதே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தாரின் முகத்துக்கு நேராக டின் பாலைக் கண்டித்துப் பேசினார். அவர் பேசியது குழந்தைகளின் உயிரைப் பற்றி. நான் பல்லோடு நிற்கிறேன்.

காத்தோங்கில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரிலேயே பல்லுக்குக் காவலான ஃபுளோரைடு இருக்கிறது. 1958-இலேயே இந்தத் தீவு முழுமைக்கும் அதைக் கலந்துவிட்டார்கள். ஆசியாவிலேயே முதல் நாடு இதுதான். பீலித் தண்ணீரையும் ஓடையையும் நம்பும் இடத்தில் அதை யார் கலப்பது? அங்கே பற்பசைதான் வழி. 1000 பிபிஎம்முக்குக் குறையாத ஃபுளோரைடு இருக்கிறதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு போதும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. நுரையைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டு அலச வேண்டாம். கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துத் தின்றுவிடும்.

வைத்தியர் எட்டாத ஊர்களுக்கு வேறு வழிகளையும் கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1921 முதல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கச் செய்தார்கள். அதைப் பார்த்து 1949-இல் பினாங்கிலும் பல் தாதியர் பள்ளி திறந்தார்கள். 1980-களில் தான்சானியாவில், மின்சாரமும் துளை போடும் இயந்திரமும் இல்லாமல், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை பிறந்தது. இப்போது சொத்தையின் மேல் தடவினாலே அது பரவாமல் நிறுத்துகிற வெள்ளி மருந்தும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துப் போகும். பள்ளிக்கு வரும் பல் குழுவினர் அதைத் தடவிவிட்டுப் போனால், "பிள்ளை பல்லைக் கெடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போகாதீர்கள். கறுப்பு நின்றால் சொத்தையும் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

வெற்றிலை பாக்கைப் பற்றிப் பாட்டியம்மாவிடம் வாயே திறக்கவில்லை. மடியில் பொட்டலம் இருந்தது. அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.