கேட்டு வாங்குவோம்!



'கேட்டு வாங்கு' என்று தமிழில் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வாயைத் திறந்து கேட்டு வாங்கு என்பது ஒன்று. காதால் கேட்டுவிட்டு வாங்கு என்பது இன்னொன்று. எலெக்ட்ரிக் கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

"பட்டாசு, தீப்பெட்டி, பிரிண்டிங் பிரஸ் என்று ஓடுகிற ஊரில் கிடார் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஆண்டு விழாவில் நம் இசைக்குழு மேடை ஏறும்போது முன்வரிசையில் நின்று விசில் அடிப்பது யார்? நாம்தானே!

நம் ஊரில் ஒலி என்றாலே முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றி ரேடியோ செட் கட்டினாலும் சரி, கல்யாண வீட்டில் குழாய் கட்டினாலும் சரி, வாட்ஸ்தான் மரியாதை. ஆனால் நாம் வகுப்பில் படித்த கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. ஒரே ஸ்பீக்கருக்கு வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு வேண்டும். இது போக ஸ்பீக்கரின் திறமை வேறு இருக்கிறது. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 93 டெசிபல் தரும், இன்னொன்று 99 தரும். இந்த 6 டெசிபல் வித்தியாசம் நாலு மடங்கு வாட்ஸுக்குச் சமம்! அட்டையில் பெரிதாக அச்சடித்த வாட்ஸை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பது சரியா?

"அப்படியானால் ரேடியோ செட்டிலேயே கிடாரைச் சொருகிவிட்டால் போச்சு" என்பார்கள். அங்கேயும் சிக்கல். கிடாரின் பிக்கப் அதிக இம்பீடன்ஸ் உள்ளது. மைக்குக்காகச் செய்த குறைந்த இம்பீடன்ஸ் இன்புட்டில் சொருகினால் ட்ரெபிள் செத்துப்போய், போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அதைவிட முக்கியமானது டிஸ்டார்ஷன். ரேடியோ செட்டில் ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டால் அது பழுது. கிடார் ஆம்ப்ளிஃபயரில் அந்த வெட்டுதான் ருசி! எவ்வளவு வெட்ட வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்பதில்தான் ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் வித்தியாசம். இதை எந்த அட்டையிலும் எண்ணாகப் போட முடியாது. சாம்பாரை ருசி பார்க்கிற மாதிரிதான்... கேட்டால்தான் தெரியும்.

இந்த வருடம் நம் மாணவர் பேரவைக்காக ஆம்ப்ளிஃபயர் வாங்க மதுரைக்குப் போன மூன்று பேரில் நானும் ஒருவன். எங்கள் கையில் இருந்தது ஐம்பதும் நூறுமாக நீங்கள் கொடுத்த பணம். அதில் டிபன் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள் உண்டு. முதலில் ஏறிய கடையில், "அறுபது வாட்ஸ் தம்பி, கிழிச்சிரும். எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். "ஒரு தடவை போட்டுக் காட்டுங்கண்ணே" என்றோம். எங்கள் செருப்பிலிருந்து தலைவரை ஒரு பார்வை. "பில்லு போட்டாத்தான் பிளக்கு போடுவேன்" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினோம். அடுத்த கடையில் இருந்த பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேபிளையும் கையில் கொடுத்தார். அரை மணி நேரம் மூன்று பெட்டிகளை மாற்றி மாற்றிக் கேட்டோம். கடைசியில் எங்கள் காதுக்கு நிறைவாக இருந்தது 40 வாட்ஸ் பெட்டிதான். அதுதான் இப்போது நம் பேரவை அறையில் இருக்கிறது.

"எனக்குக் கிடாரே வாசிக்கத் தெரியாது. நான் போய் என்னத்தைச் சோதிக்க?" என்று தயங்குகிறவர்களுக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் 1938-ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். உலகமே வாசிக்கும் கிடார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் செய்த அவருக்குக் கடைசி வரை கிடார் வாசிக்கத் தெரியாது! வாசிப்பவர்களிடம் பெட்டியைக் கொடுத்து, அவர்கள் சொன்ன குறையைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்.

இன்னொருவர் ஜிம் மார்ஷல். டிரம்ஸ் வாத்தியாரான இவர் 1960-ல் லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக் கருவிக் கடை திறந்தார். கடைக்கு வந்த இளைஞர்கள், "எங்களுக்கு வேண்டிய சத்தம் எந்தப் பெட்டியிலும் இல்லை" என்றார்கள். அவர் அவர்களை விரட்டவில்லை. கடை ரிப்பேர்காரர் கென் பிரானையும், இ.எம்.ஐ. கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்த டட்லி கிரேவனையும் வைத்து, ஃபென்டரின் 'பேஸ்மேன்' சர்க்யூட்டை அடிப்படையாகக் கொண்டு 1962 வாக்கில் சொந்தமாகப் பெட்டி கட்டினார். மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் பிறந்தது இப்படித்தான். கடைக்கு வந்தவர்கள் வாய் திறந்து கேட்டார்கள். கடைக்காரர் காது கொடுத்தார். ஓர் அப்ரண்டிஸ் சால்டரிங் அயர்னை எடுத்தார். நாளைக்கு அப்ரண்டிஸாகப் போகப் போகிற நமக்கு இதில் பங்கு இல்லையா?

கடையில் எப்படிச் சோதிப்பது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

1. வாசிக்கப் போகிற அதே கிடாரையும் கேபிளையும் கொண்டு போங்கள். கடையில் இருக்கும் விலை உயர்ந்த கிடாரில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும்.

2. பாஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். எஃபெக்ட் எதுவும் வேண்டாம்.

3. வாசிக்காமல் வால்யூமை ஏற்றி, இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள்.

4. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, மேடையில் வைக்கப் போகிற அளவுக்கு ஒரு நிமிடம் ஏற்றுங்கள். மெதுவாக வைத்தால் எல்லாப் பெட்டியும் நல்ல பிள்ளைதான்.

5. ஒவ்வொரு குமிழையும் திருகுங்கள். கரகரப்பு வந்தால் அது தேய்ந்த பாட். ஜாக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள்.

6. பின்பக்கம் எழுதியிருப்பது ஆர்.எம்.எஸ். வாட்ஸா, வெறும் பி.எம்.பி.ஓ.வா என்று படியுங்கள்.

7. கடைசியாக, எர்த்! பிளக்கை உருவி வைத்துவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் பெட்டியின் மெட்டல் பாகத்துக்கும் மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்கள்.

ஏழாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. எர்த் இல்லாத பெட்டியோ மைக்கோ மேடையில் இருந்தால், கம்பியைப் பிடித்த கையும் மைக்கைத் தொடும் உதடும் சர்க்யூட்டை முடித்துவிடும். 'ஸ்டோன் தி குரோஸ்' இசைக்குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு உயிரை விட்டார். என் அம்மா பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறார். மருந்து அறைக்குள் போகுமுன், தரையோடு இணைத்த செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் போவார். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்பதற்காக. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் எர்த் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிற நமக்குத் தெரிய வேண்டாமா?

"இதெல்லாம் எதுக்குப்பா? ஆன்லைனில் ஆர்டர் போட்டா விலை குறைவு" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் செல்போனில் ஸ்டார் எண்ணிக்கை தெரியுமே தவிர, சத்தம் தெரியாது. அதேபோல, கடைக்காரரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கடையில் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு, வெளியே வந்து ஆன்லைனில் போடுவது அவர் கரண்டையும் நேரத்தையும் திருடுவதற்குச் சமம். வாங்கும் எண்ணத்தோடு போவோம், மரியாதையாகக் கேட்போம், பொருளைப் பத்திரமாகக் கையாளுவோம். அதன் பிறகும் மறுத்தால் அடுத்த கடை இருக்கிறது.

நம் ஊர்ப் பட்டாசை வெடித்துப் பார்த்து வாங்க முடியாது. அதனால்தான் வாங்குகிறவனுக்குப் பதிலாகச் சட்டம் அளந்து பார்க்கிறது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. ஆம்ப்ளிஃபயரை நாமே போட்டுப் பார்க்கலாம். அந்த வசதி இருந்தும் வாய் திறக்காமல் வருவது ஏன்?

எனக்குத் தெரிந்த காரணம் கூச்சம். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். கடைக்குப் போனால் அப்பா, "மேல கைய வைக்காதடா, ஒடைஞ்சா காசு கேப்பான்" என்பார். கொடுத்ததை வாங்கி வந்தே பழகிய வீடு. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டால் அவமானப்படுத்துவார்கள் என்பது அவர் அனுபவத்தில் கண்டது. ஆனால் டெசிபலும் இம்பீடன்ஸும் படித்துவிட்டு நாமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், படித்ததற்கு என்ன பலன்? இன்று ஆம்ப்ளிஃபயர்; நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் மெஷின், சம்பளச் சீட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற பேப்பர்... எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே அடுத்த வருடப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பேரவைப் பணத்தில் ஒலிக்கருவி எது வாங்கினாலும், வாசிக்கத் தெரிந்த ஒருவரும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஒருவரும் கடைக்குப் போய், போட்டுக் கேட்டு, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் கொடுப்பது என்று தீர்மானம் போடுங்கள். மல்டிமீட்டர் லேபில் இருக்கிறது. காது நம் எல்லோருக்கும் இருக்கிறது.



— இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை