புகைக்குழாய்க்கு ஒரு வேலி

"மோட்டார் பந்தயமா? பெண்பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று இதைப் படிக்கும் பெற்றோரில் சிலர் கேட்கக்கூடும். அழுத்தம் என்பதை விஞ்ஞானப் பாடத்தில் படித்துவிட்டு, அது எங்கே வேலை செய்கிறது என்று தேடிய எங்களுக்கு அகப்பட்ட நல்ல உதாரணம் இதுதான். அதோடு இதில் ஒரு நியாய வழக்கும் கலந்திருக்கிறது. அதில் எங்கள் தீர்ப்பையும் சொல்ல விரும்புகிறோம்.

பார்முலா ஒன் கார் வளைவில் சறுக்காமல் திரும்ப வேண்டுமானால், டயர்கள் தரையை இறுகப் பற்ற வேண்டும். எடையைக் கூட்டினால் கார் மந்தமாகிவிடும். ஆகவே காற்றைக் கொண்டே காரைத் தரையோடு அழுத்துகிறார்கள். காரின் அடித்தளம் பின்பக்கத்தில் மேல்நோக்கிச் சரிந்து விரிந்திருக்கும். இப்பகுதிக்கு டிப்யூசர் என்று பெயர். இதனால் அடியில் நுழையும் காற்று விரைந்து ஓடுகிறது. காற்று விரையும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. மேலேயுள்ள அதிக அழுத்தம் காரைக் கீழே தள்ளுகிறது. ஆனால், சுழலும் பின்சக்கரங்கள் கலங்கிய காற்றைப் பக்கவாட்டில் உள்ளே தள்ளி இந்தக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இங்கேதான் நாம் சைலன்சர் என்று சொல்லும் புகைக்குழாய் வருகிறது. இஞ்சினிலிருந்து சூடாகவும் வேகமாகவும் வெளிவரும் புகையை வீணே விடுவானேன்? 1983-லேயே ரெனோ அணி அதை டிப்யூசர் பக்கம் திருப்பிப் பார்த்தது. 2010-ல் ரெட்புல் அணியின் ஏட்ரியன் நியூவி இந்த யோசனைக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். 2011-ல் அந்த அணியின் புகை, அடித்தளத்தின் ஓரமாகப் பின்சக்கரத்தை ஒட்டிப் பாய்ந்து, கலங்கிய காற்றைத் தடுக்கும் திரைபோல் நின்றது. அவ்வாண்டு 19 பந்தயங்களில் 18-ல் ரெட்புல் கார்தான் முதலிடத்திலிருந்து புறப்பட்டது!

இதில் ஒரு சிக்கல் உண்டு. வளைவு வரும்போது ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். புகை குறையும், பிடிப்பு மிகவும் தேவைப்படும் நொடியிலே அதுவும் குறையும். எனவே காலை எடுத்த பின்னும் இஞ்சின் ஊதிக்கொண்டே இருக்கும்படி செய்தார்கள். சிலர் பெட்ரோலையும் உள்ளே விட்டுத் தாமதமாக எரித்தார்கள். காரை ஓட்டுவதற்காக அல்ல, ஊதுவதற்காக மட்டுமே எரிந்த பெட்ரோல்! ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினாலே அம்மாவிடம் திட்டு வாங்குகிறவர்கள் நாங்கள். ஆகவே இதைத் தடுத்தது சரியே என்பது எங்கள் கட்சி.

ஆனால் தடுத்த விதம் சரியா? 2011 ஜூலையில், சில்வர்ஸ்டன் பந்தயத்திற்கு, காலை எடுத்தபின் இஞ்சினுக்குப் போகும் காற்றுக்குக் கடும் வரம்பு விதித்தார்கள். ஆண்டின் பந்தயங்களில் கிட்டத்தட்ட பாதி அதற்குள் முடிந்திருந்தன. காரையே புகைக்குழாயைச் சுற்றிக் கட்டியிருந்த அணிகள் என்ன செய்யும்? எங்கள் இஞ்சின் கெட்டுவிடும், எங்களுக்கு விலக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்க, அவருக்கு மட்டும் ஏன் என்று மற்றவர் கேட்க, பந்தயத்தை விடச் சச்சரவே பெரிதாகிவிட்டது. அந்த ஒரு பந்தயத்தோடு வரம்பும் கைவிடப்பட்டது. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது மதிப்பெண் முறையை மாற்றினால் நாம் சும்மா இருப்போமா?

2012-க்கு வந்த விதி நேர்மையானது. ஆண்டு தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரிந்தது. குழாயின் வாய் உடலின் மேற்பகுதியில் குறித்த எல்லைக்குள் இருக்க வேண்டும்; 10 முதல் 30 டிகிரி வரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். புகை இனி அடித்தளத்தைத் தொடாது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு சோதனை. குழாயிலிருந்து மெல்ல விழும் நீரில், ஒரு கரண்டியின் குழிந்த பக்கத்தை அல்ல, புடைத்த முதுகைத் தொடச் செய்யுங்கள். நீர் நேரே விழாது. கரண்டியின் முதுகைத் தழுவி வளைந்து போகும். ருமேனிய நாட்டுப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் இதைக் கோவாண்டா விளைவு என்கிறார்கள். மக்லாரன், சாபர் போன்ற அணிகள் குழாய்க்குப் பின்னால் உடலைக் கரண்டி முதுகுபோல் சரித்துவிட்டன. மேல்நோக்கிப் புறப்பட்ட புகை அச்சரிவைத் தழுவிக் கீழே இறங்கி, மறுபடியும் பின்சக்கரத்தருகே போய்ச் சேர்ந்தது! விதி அறிவைக் கொன்றுவிடும் என்பாருக்கு நாங்கள் இந்தக் கரண்டியைத்தான் காட்டுவோம்.

விதி மாறும்போதெல்லாம் காரை மறுபடி வரைவதற்குப் பணம் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011, 2012 ஆண்டுகளில் ஓட்டிய எச்.ஆர்.டி. அணி மிகச் சிறியது. 2012-க்குப் பின் அது பந்தயத்திலேயே இல்லை. புகைக்குழாய்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விதி எழுதுகிறவர்கள் கடைசி வரிசைக் கார்களையும் எண்ணிப் பார்த்தே எழுத வேண்டும் என்கிறோம்.

2014-ல் வேலி இன்னும் நெருங்கியது. புதிய டர்போ இஞ்சினின் புகை காரின் நடுவே, பின்னால், ஒரே குழாய் வழியாகத்தான் வர வேண்டும் என்றார்கள். பக்கவாட்டுச் சரிவுகளுக்கு வேலை போயிற்று. ஆயினும் 2018-ல் ரெனோ அணி அந்த நடுக்குழாயை அனுமதித்த அளவுக்கு மேல்நோக்கிச் சாய்த்து, புகையைப் பின்சிறகின் அடிப்பக்கம் செலுத்திப் பார்த்தது. சூட்டில் சிறகு கெடாதிருக்க அதற்குத் தனிப் பூச்சும் பூசியிருந்தார்கள்.