சருகு சொன்ன பாடம்

நேயர்களே! சென்ற மாசி மாதம் ஒரு மண்பானையால் என் குடித்தனமே ஆட்டம் கண்டுவிட்டது.

சென்னையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கும் எனக்குத் திடீரென்று விவசாய ஆசை பிறந்தது. சமையலறைக் கழிவை உரமாக்கி, அந்த உரத்தில் கத்தரியும் வெண்டையும் விளைவிப்பது என்று தீர்மானம் செய்தேன். பெரிய மண்பானை ஒன்று வாங்கி வந்து, காய்கறித் தோல், பழத்தோல், காப்பிச் சக்கை எல்லாவற்றையும் அதில் போட்டுச் சிரத்தையாக இறுக மூடி வைத்தேன். பத்தாம் நாள் பானையின் பெருமை தெரு முழுவதும் பரவிவிட்டது! மூடியைத் திறந்தால் கொழகொழவென்று ஒரு குழம்பு. அதில் புழுக்கள் வேறு.

கீழ் வீட்டுப் பெரியவர் வீட்டுக்காரரிடம் புகார் செய்தார். வீட்டுக்காரர் நாசூக்கானவர். "பானை இருக்கட்டும், அல்லது நீங்கள் இருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள், சார்" என்றார்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பானையைவிட நீங்கள் கொஞ்சம் உபயோகம்தான்" என்று என் மனைவி தீர்ப்பளித்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலையில், யாரும் பார்ப்பதற்குள், பானையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனேன். அங்கே புங்கமரத்தடியில் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார் தூய்மைப் பணி செய்யும் அம்மாள்.

"சார், சார்! அதை இங்கே கொட்டினா நான்தானே கையால அள்ளணும்?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாகத் தொட்டிக்குள் போட்டதெல்லாம் தானாகவே மறைந்துவிடுகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "சருகே போடலியா? எங்க ஊர்ல எருக்குழின்னா பச்சை ஒரு அடுக்கு, காய்ஞ்சது ஒரு அடுக்குன்னு போடுவாங்க. இந்தாங்க, எடுத்துட்டுப் போங்க" என்று தம் சருகுக் குவியலையே என் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அவர் சொன்னதைத்தான் அவையும் சுற்றி வளைத்துச் சொல்லின. கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால், கரிச்சத்து சுமார் 30 பங்கு வேண்டும். காற்றும் வேண்டும். காய்கறித் தோலில் தண்ணீரும் தழைச்சத்தும்தான் ஜாஸ்தி. அதை மட்டும் அடைத்து மூடினால் காற்றில்லாமல் அழுகி நாறுகிறது. சருகு கரிச்சத்தைக் கொடுக்கிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது, காற்றுக்கு இடைவெளியும் விடுகிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம். பானையின் பக்கங்களில் துளைகள் இருக்கட்டும். அடியில் சருகைப் பரப்புங்கள். அன்றன்றையக் கழிவை நறுக்கிப் போட்டு, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சருகால் மூடுங்கள். ஆரம்பத்தில் ஒரு கரண்டி புளித்த மோர் தெளிக்கலாம். வாரத்துக்கு இரண்டு தடவை கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்குமேல் நீர் வடியக்கூடாது. வடிந்தால் இன்னும் சருகு. உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, பொலபொலவென்று, முதல் மழை பட்ட மண்ணைப்போல் மணக்கும்.

ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1905-ல் இந்திய விவசாயத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்க வந்தார். பின்னர் இந்தூரில் ஆராய்ச்சி நடத்தி, எரு தயாரிக்கும் 'இந்தூர் முறை'யை வகுத்து, 1931-ல் புத்தகமாக வெளியிட்டார். இங்குள்ள உழவர்களையும், பயிரைத் தின்னும் பூச்சிகளையுமே தமக்குப் பேராசிரியர்களாக வைத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். எனக்கு வாய்த்த பேராசிரியர் கையில் துடைப்பம் வைத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்!

பானை பிழைத்தது, நானும் குடியிருக்கிறேன். அந்த உரத்தில் இப்போது அரைக்கீரையும் பச்சைமிளகாயும் வருகின்றன. ஆனால், மாடித் தோட்டத்தால் காய்கறிச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஏழெட்டுத் தொட்டியில் விளைவது ஒரு குடும்பத்துக்குக் காணாது. வாரம் ஒரு நாள் கீரை மசியல் கிடைத்தால் பாக்கியம்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈரக் குப்பையும் மற்றதும் கலந்து மலையாகக் குவிந்தால், உள்ளே காற்றில்லாமல் எரிவாயு உண்டாகிறது. அது குப்பைமேட்டில் பற்றும் தீக்குத் தூபம் போடுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேட்டில் பிடித்த தீ நாட்கணக்கில் புகைந்ததை அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி செய்தது. ஆனால் விதிப்படி நாம் பிரிக்காததை யாரோ ஒருவர் கையால் பிரிக்கிறார். ஊசிப்போன குழம்புக்குள் உடைந்த கண்ணாடி இருந்தால், அது கிழிப்பது அந்தக் கையைத்தான்.

போன வாரம் அந்த அம்மாளுக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்:

"இந்தத் தெருவிலே உங்க வீட்டு வாளியிலே மட்டும் பயமில்லாம கையை விடலாம், சார்."

எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் உயர்ந்தது இதுதான், நேயர்களே. உங்கள் தெருவிலும் சருகு உதிர்கிறது. அதைக் கொளுத்திவிடுவதற்குமுன் ஒரு கூடை அள்ளி வையுங்கள்.