பத்து வருஷ மீட்டர்

ஒரகடம் ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்து சீட் தம்பி லட்டு நீட்டினான்.

“புது பைக் சார்! மூணு கம்பெனி மாறினேன். ஒவ்வொரு தடவையும் பென்ஷன் பணத்தை எடுத்துட்டேன்.”

“மொத்த சர்வீஸ்?”

“ஒன்பது வருஷம்.”

லட்டு தொண்டையிலேயே நின்றது.

மத்திய சர்க்கார் ஊழியருக்கு 2025 ஏப்ரலில் வந்த திட்டத்தில், மாசம் 10,000 ரூபாய் உத்தரவாதம் கிடைக்கக் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும். நம்ம 1995 பி.எஃப். பென்ஷனுக்கும் அதே 10தான். 58 வயதில் வரும். கம்பெனி மாறினாலும் கணக்கை மாற்றிக்கொண்டால் சர்வீஸ் சேரும். பணத்தை எடுத்தாலோ மீட்டர் ஜீரோ!

2014-ல் வைத்த சம்பள உச்சவரம்பு 15,000. அதைச் சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 10 வருஷத்துக்கு மாசம் 2,143 ரூபாய். ஆயுசு முழுக்க!

“அப்ப என் ஒன்பது வருஷம்?”

“வீட்டு வாசல்ல ஸ்டாண்ட் போட்டு நிக்குதே, தம்பி!”